கை நடுங்குவது மருந்தால்: மனநோயின் பெயரை எழுதிய சட்டையை அணிந்து வெளியே போகலாமா?

மாடிவீடு (இழையைத் தொடங்கியவர்) – பிப்ரவரி 9

வணக்கம். எனக்கு வயது 34. ஒன்பது ஆண்டுகளாக இருமுனை மனநிலைக் கோளாறுக்கு, நாம் வழக்கமாகப் பைபோலார் என்று சொல்லும் நோய்க்கு, லித்தியம் மாத்திரை எடுத்துவருகிறேன். மருந்து எனக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டிருக்கிறது. வேலைக்குப் போகிறேன், கடைசியாக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் லித்தியம் எடுப்பவர்களில் பலருக்கு வருவதைப் போல என் இரண்டு கைகளிலும் மெல்லிய நடுக்கம் இருக்கிறது. டீ கிளாஸைப் பிடிக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் அது நன்றாகத் தெரியும்.

சென்ற ஆண்டு மே மாதம் மாநகரப் பேருந்தில் நடத்துநரிடம் சில்லறை கொடுத்தபோது காசு விரல்களிலிருந்து நழுவி விழுந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், காலையிலேயே குடித்துவிட்டு ஏறிவிடுகிறார்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அருகில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து முன்பக்கம் போய்விட்டார். நான் இதுவரை மதுவைத் தொட்டதில்லை என்பதை அந்தக் கூட்டத்தில் யாரிடம், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு நிறுத்தங்கள் முன்னதாகவே இறங்கி நடந்தேன்.

அடுத்த மாதமே ஒரு கறுப்பு டி-ஷர்ட் அச்சடித்துக்கொண்டேன். முதுகுப் பக்கம் வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள்: "கை நடுங்குவது மருந்தால். எனக்கு பைபோலார்." எட்டு மாதங்களாக அது அலமாரியிலேயே இருக்கிறது. புதுத் துணி என்பதால் ஒரே ஒரு முறை துவைத்தேன். மொட்டை மாடிக் கொடியில் அம்மா அதை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிக் காயப்போட்டிருந்தார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், எதிர்வீட்டு மாடியில் நிற்பவர்கள் எழுத்தைப் படித்துவிடலாம். அம்மா எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 30 உலக இருமுனைக் கோளாறு நாள். ஓவியர் வான் கோ பிறந்த நாளை அதற்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அன்று காலை பெசன்ட் நகர் கடற்கரையில் இந்தச் சட்டையுடன் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தன் மனநோயை உடையிலேயே சொல்லிக்கொண்டு வெளியே போனவர்கள், அல்லது போக நினைத்து நிறுத்திக்கொண்டவர்கள் இங்கே இருந்தால் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தெற்குவாசல் – பிப்ரவரி 9

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் நோயை ஏன் அடையாளமாக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர் யாரும் அதைச் சட்டையில் எழுதிக்கொண்டு நடப்பதில்லையே?

மாடிவீடு – பிப்ரவரி 9

சர்க்கரை நோய் உள்ளவர் அதை எழுதிக்கொள்ளத் தேவையில்லை ஐயா. அவர் ஒவ்வொரு நாளும் டீக்கடையில் "எனக்குச் சுகர், சர்க்கரை போடாதீர்கள்" என்று சத்தமாகச் சொல்கிறார். பக்கத்தில் நிற்பவர் தனக்கும் சுகர் என்கிறார். எத்தனை இருக்கிறது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று இருவரும் பேசிக்கொண்டே டீ குடிக்கிறார்கள். அப்படி ஒரு வாக்கியத்தை என் நோயைப் பற்றியும் சொல்ல முடிந்திருந்தால் இந்தச் சட்டையை நான் அச்சடித்தே இருக்க மாட்டேன்.

வேப்பநிழல் – பிப்ரவரி 10

தம்பி, எனக்கு 58 வயதாகிறது. 22 வயதில் மனச்சிதைவு நோய் என்று சொன்னார்கள். என் நோயைச் சொல்லும் உடையை நானும் அணிந்திருக்கிறேன். ஆனால் அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. சிகிச்சைக்காகச் சேர்ந்த இடத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஒரே தையலில் ஓர் அங்கி கொடுத்தார்கள். நாடா இருக்காது, பை இருக்காது. என்னைப் பார்க்க வந்த அத்தை முதலில் அந்த அங்கியைப் பார்த்தார், பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். வீடு திரும்பிப் பல மாதங்கள் கழிந்த பின்னும் அவர் பார்வை அப்படியேதான் இருந்தது. பை வைத்துத் தைத்த ரவிக்கையையும் பாவாடையையும்தான் நான் இன்றைக்கும் உடுத்துகிறேன்.

அதனால்தான் 2019 செப்டம்பரில் மிலான் நகரத்து ஆடை அணிவகுப்பில் கூச்சி (Gucci) என்ற ஆடை நிறுவனம் செய்தது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. நோயாளியின் கைகளை உடம்போடு சேர்த்துக் கட்டுவதற்கென்று ஒரு காலத்தில் தைக்கப்பட்ட மேலங்கியைப் போன்ற வெள்ளை உடைகளை மாடல்களுக்கு அணிவித்து, நகரும் பட்டையில் நிற்க வைத்து அழைத்துவந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆயிஷா டான்-ஜோன்ஸ், "மனநலம் என்பது ஃபேஷன் அல்ல" என்று தம் உள்ளங்கைகளில் எழுதி, பட்டை நகர்ந்துகொண்டிருக்கும்போதே கைகளை உயர்த்திக் காட்டினார். அந்த உடைகள் காட்சிக்கு மட்டுமே, விற்பனைக்கு அல்ல என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. எனக்கு அந்த விளக்கம் நினைவில் நிற்கவில்லை, ஆயிஷாவின் கைகள்தான் நிற்கின்றன. கையைக் கட்டுவதற்காகப் பிறந்த உடையை அணிந்துகொண்டு அவர் கைகளாலேயே பேசினார்.

உங்கள் சட்டையில் உள்ளதை எழுதியவர் நீங்கள். ஆகவே அதை அணிய உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. நான் அணிவேனா என்று கேட்டால், மாட்டேன். நம் ஊரில் ஒருவரை இகழ வேண்டுமென்றால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பார்கள். 1794ஆம் ஆண்டில் தொடங்கிய வரலாறு உடைய, இத்தனை தலைமுறைகளுக்குச் சிகிச்சை கொடுத்த ஒரு மருத்துவமனை நிற்கும் இடத்தின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. அந்தச் சொல்லை முதுகுக்குப் பின்னால் கேட்டுக் கேட்டு எனக்குக் காது நிறைந்துவிட்டது.

காதர்பேட்டை – பிப்ரவரி 10

நான் திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மனநலத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. சட்டையில் உள்ள எழுத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஏற்றுமதிக்கு அச்சடிக்கும் பனியன்களில் என்ன எழுதியிருக்கிறது என்று பட்டறையில் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. எழுத்து நேராக விழுந்திருக்கிறதா, மை ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்றுதான் பார்ப்போம். மிச்சமாகும் சரக்கு எங்கள் ஊர்ச் சந்தையான காதர்பேட்டைக்கு வந்து, அங்கிருந்து தமிழ்நாடு முழுவதும் போகிறது. மனச்சோர்வு, பதற்றம், பைத்தியம் என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொற்களை மார்பில் தாங்கிக்கொண்டு எத்தனையோ பேர் வயலுக்கும் சந்தைக்கும் போய்வருகிறார்கள். அணிந்தவருக்கும் தெரியாது, எதிரில் வருபவருக்கும் தெரியாது. நம் ஊரில் சட்டை மேல் உள்ள ஆங்கிலம் பூ வேலைப்பாட்டைப் போன்றது.

தமிழில் எழுதினால் அப்படி இல்லை. கட்சிப் பெயர், கோயில் விழா, மன்றத்தின் பெயர், இறந்தவருக்கு அஞ்சலி ஆகியவற்றுக்குத்தான் தமிழில் அச்சடிக்கச் சொல்லி வருவார்கள். தமிழ் எழுத்துள்ள பனியனைப் பார்த்தால், அது யாருக்கோ எதையோ தெரிவிக்கிறது என்று நினைத்து மக்கள் நின்று படிப்பார்கள். நீங்கள் தமிழில் அச்சடித்திருக்கிறீர்கள். அதைப் படிக்காமல் கடந்துபோகிறவர் யாரும் இருக்க மாட்டார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

மகனின் தாய் – பிப்ரவரி 11

என் மகனுக்கும் உங்கள் நோய்தான். மனம் புண்படாமல் படியுங்கள். மனநிலை மிகையாக உயர்ந்திருந்த நாள்களில் அவன் தன் நோயைப் பற்றி எல்லோரிடமும் சொன்னான். அலுவலகத்தில் அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினான், தெருவில் நின்று பேசினான், மூன்று நாள் தூங்கவில்லை. அப்போது அது அவனுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. இறங்கி வந்த பிறகு அந்த மின்னஞ்சலை நினைத்து நினைத்து வீட்டை விட்டு வெளியே போகாமல் கிடந்தான். சொன்ன செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சொல்வதென்று முடிவு செய்தது அவனா, நோயா என்று இன்றுவரை அவனுக்கே தெளிவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். சட்டையை அச்சடித்த வாரத்தில் நன்றாகத் தூங்கினீர்களா? மனம் தாழ்ந்திருந்த நாள்களிலும் அதை அணியத் தோன்றியதா? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நடுக்கம் வழக்கத்தைவிட அதிகமாகிறதா? வெயில் காலத்தில் வியர்வையாலும் தண்ணீர் போதாமையாலும் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறக்கூடும். கை முரட்டுத்தனமாக ஆடத் தொடங்கினால், நடை தள்ளாடினால், வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மே மாதத்துப் பேருந்து என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

மாடிவீடு – பிப்ரவரி 11

அம்மா, புண்படவில்லை, யாரும் கேட்காததைக் கேட்டிருக்கிறீர்கள். அச்சடித்த வாரம் தினமும் ஏழு மணி நேரம் தூங்கினேன் என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. அதன் பிறகு அக்டோபரில் மனம் தாழ்ந்திருந்த மூன்று வாரங்களில் சட்டையை அணியும் எண்ணம் வரவில்லை. ஆனால் அச்சடித்தது தவறு என்றும் தோன்றவில்லை. மே மாதம் இரத்தப் பரிசோதனை செய்ததில் அளவு சரியாகவே இருந்தது. நடுக்கத்தைக் குறைக்க ப்ரோப்ரனலால் கொடுத்துப் பார்த்தார்கள். எனக்கு ஆஸ்துமா உண்டு என்று தெரிந்ததும் மருத்துவர் அதை நிறுத்திவிட்டார். ஆகவே இந்தக் கைகள் இப்படித்தான் இருக்கும்.

களப்பணி – பிப்ரவரி 12

நான் முதலில் எச்.ஐ.வி. தடுப்புப் பணியிலும் பிறகு மனநலப் பணியிலும் இருந்தவன். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். நோயின் பெயரைச் சொன்னாலே வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நிலையைப் பல ஆண்டுகள் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது.

டர்பன் நகருக்கு அருகில் வாழ்ந்த குகு டிலாமினி என்ற பெண், தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை 1998 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். சில நாள்களிலேயே அவரை அடித்துக் கொன்றார்கள். அதே காலத்தில் தொடங்கிய சிகிச்சைக்கான போராட்ட இயக்கம் ஒரு வெள்ளை டி-ஷர்ட்டை உருவாக்கியது. மார்பில் பெரிய எழுத்தில் "எச்.ஐ.வி. பாசிட்டிவ்" என்ற இரண்டே சொற்கள். அதைத் தொற்று உள்ளவர்களும் அணிந்தார்கள், இல்லாதவர்களும் அணிந்தார்கள். ஊர்வலத்தில் ஆயிரம் பேர் அதே சட்டையில் வந்தால் யாருக்கு நோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கல்லெறிய நினைப்பவனுக்கு இலக்கு கிடைக்காது. 2002 டிசம்பரில் காயெலிட்ஷா பகுதியில் சிகிச்சை நிலையம் ஒன்றைப் பார்க்கச் சென்ற நெல்சன் மண்டேலா, அங்கே அந்தச் சட்டையை அணிந்துகொண்டார். அவருக்குத் தொற்று இல்லை. ஒரு முன்னாள் குடியரசுத் தலைவரின் மார்பில் அந்தச் சொற்களைப் பார்த்த பிறகு, அவற்றை வைத்து இன்னொருவரை அவமதிப்பது கடினமாகிப் போனது.

மனநோய்க்கு அப்படி ஒரு சட்டை இன்னும் வரவில்லை. அமெரிக்காவில் ஏமி ப்ளூயல் 2013இல் தொடங்கிய அரைப்புள்ளி இயக்கம் அதற்கு நெருக்கமாக வந்தது. வாக்கியத்தை முடித்திருக்கலாம், ஆனால் எழுதுபவர் முடிக்காமல் தொடர்ந்தார் என்பதற்கு அடையாளமாக, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைக் கடந்து வந்தவர்கள் ஓர் அரைப்புள்ளியை மணிக்கட்டில் பச்சை குத்திக்கொண்டார்கள், சட்டைகளில் அச்சடித்துக்கொண்டார்கள். ஏமி ப்ளூயல் 2017இல் மறைந்தார். அவர் தந்த அந்தக் குறி அறிந்தவருக்கு மட்டும் புரிகிறது, அறியாதவருக்கு அது வெறும் நிறுத்தக்குறி.

அமெரிக்க உளவியலாளர் பேட்ரிக் காரிகன், தாமும் மனநோயோடு வாழ்பவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். நோயை வெளிப்படுத்துவதில் பல படிகள் இருப்பதாக அவர் எழுதியிருக்கிறார்: மனிதர்களையே தவிர்ப்பது, மறைப்பது, நம்புகிற சிலரிடம் மட்டும் சொல்வது, கேட்பவர் எவருக்கும் மறைக்காமல் இருப்பது, எல்லோருக்கும் அறிவிப்பது. தம்பி, பேருந்தில் உங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பெரியவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்வது. அதற்காக நீங்கள் கடைசிப் படிக்கு ஏறியிருக்கிறீர்கள். ஏறக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தனியாக நிற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு நோய் இல்லாத நண்பர்களில் எத்தனை பேர் அதே வரியை அணிந்து உங்களோடு நடப்பார்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

கறுப்பு அங்கி – பிப்ரவரி 12

வழக்கறிஞர் என்ற முறையில் சுருக்கமாக எழுதுகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், உங்கள் நோயைப் பற்றிய தகவலை இரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. அது மருத்துவரையும் மருத்துவமனையையும் கட்டுப்படுத்தும். நீங்களே அணிந்து வெளியே போன சட்டையின் படத்தை ஒருவர் பகிர்ந்தால், அந்தப் பிரிவைக் காட்டி அவரைத் தடுக்க முடியாது.

வேலையைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் மனநோயும் இருக்கிறது. அரசு நிறுவனங்கள் பாகுபாடு காட்டுவதை 20ஆம் பிரிவு தடை செய்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. தனியார் அலுவலகத்தில் நடைமுறை எப்படி இருக்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

திருமணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் பயம் அங்கேதான் இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டம் மனக் கோளாறை மணமுறிவுக்கு ஒரு காரணமாக வைத்திருக்கிறது. ஆனால் நோய் இருக்கிறது என்பது மட்டும் போதாது, சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. உங்கள் தங்கையின் திருமணத்தைச் சட்டப்படி உங்கள் நோய் எந்த வகையிலும் தொடாது. வரும் சம்பந்தி வீட்டாரின் மனத்தில் இருப்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. அதைத் தங்கையிடம்தான் நீங்கள் கேட்க வேண்டும். இந்த இழையில் எல்லோரும் அம்மாவைப் பற்றிப் பேசுகிறோம், தங்கை என்ன நினைக்கிறார் என்று நீங்கள் இதுவரை எழுதவில்லை.

லூயிஷம் – பிப்ரவரி 13

நான் லண்டனில் வசிக்கும் ஈழத்தவன். போருக்குப் பிந்தைய மன வடுவுக்காக நீண்ட காலம் மருந்து எடுத்தவன். சீருடை அணிந்தவர்கள் பின்னாலிருந்து தொட்டால் எனக்கு மூச்சு அடைக்கும், வியர்த்துக் கொட்டும். விமான நிலையச் சோதனையில் அப்படி வியர்த்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது உங்களுக்கு விளங்கும்.

2016இல் கேட்விக் விமான நிலையத்தில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். வெளியே தெரியாத நோயோ குறைபாடோ உள்ளவர்கள், சூரியகாந்திப் பூப் படம் போட்ட பச்சை நாடாவைக் கழுத்தில் அணிந்துகொள்ளலாம். என்ன நோய் என்று அதில் எழுதியிருக்காது. இவருக்குக் கொஞ்சம் நேரமும் பொறுமையும் தேவை என்பது மட்டும் பணியாளர்களுக்கு விளங்கும். இப்போது அது பல நாடுகளில் இருக்கிறது. நான் முதல் முறை அணிந்துகொண்டு போனபோது, அங்கிருந்த அலுவலர் தொடுவதற்கு முன்னால் எனக்கு முன்னே வந்து நின்று, இப்போது உங்கள் தோளைத் தொடப் போகிறேன் என்று சொன்னார். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த நாட்டில் வேறு விதமான உடுப்பையும் பார்த்தேன். 2013 செப்டம்பரில் ஆஸ்டா என்ற பெரிய அங்காடி, இரத்தக் கறையும் வெட்டுக்கத்தியும் சேர்த்து "மனநோயாளி வேடம்" என்று ஒரு மாறுவேட உடையை இணையத்தில் விற்பனைக்கு வைத்தது. டெஸ்கோவிலும் அதைப் போன்ற ஒன்று இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆஸ்டா மன்னிப்புக் கேட்டு, மனநலத் தொண்டு நிறுவனமான மைண்டுக்கு 25,000 பவுண்டு கொடுத்தது. எனக்கு அந்த மன்னிப்பைவிடப் பெரிதாகத் தோன்றியது மக்கள் செய்த காரியம். மனநோயோடு வாழும் நூற்றுக்கணக்கானோர், சமையலறையில், அலுவலகத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அன்றாட உடுப்பில் நிற்கும் தங்கள் படங்களைப் போட்டு, இதுதான் என் மனநோயாளி உடை என்று எழுதினார்கள். நானும் வேலைக்குப் போகும் நீலச் சட்டையில் ஒரு படம் எடுத்தேன். போடவில்லை. ஊரில் அம்மா இருந்தார்.

வேப்பநிழல் – பிப்ரவரி 13

லூயிஷம் தம்பி எழுதியதில் "முன்னே வந்து நின்று" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

மாடிவீடு, உங்கள் சட்டையில் எழுத்து முதுகில் இருக்கிறது. முதுகில் இருந்தால் படிப்பவரின் முகம் உங்களுக்குத் தெரியாது. அவர் சிரித்தாரா, பயந்தாரா, தன் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்து வேகமாக நடந்து உங்களைப் பிடிக்க வந்தாரா, எதுவும் தெரியாது. என் வாழ்க்கையில் என்னைப் பற்றிய சொற்கள் எல்லாம் என் முதுகுக்குப் பின்னால்தான் பேசப்பட்டன. நீங்கள் விரும்பி எழுதிய சொல்லையும் ஏன் அங்கேயே வைக்கிறீர்கள்? முன்பக்கம் எழுதுங்கள். ஒருவர் படிக்கும்போது நீங்களும் அவரைப் பார்க்கலாம். அவர் கேட்டால் பதில் சொல்லலாம், கேட்காவிட்டால் ஒரு புன்னகையாவது செய்யலாம்.

முதல் பதிவில் நான் அணிய மாட்டேன் என்று எழுதினேன். முன்பக்கம் எழுதியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நேற்று இரவு முழுவதும் யோசித்தேன். தெருவில் மாட்டேன். கடற்கரையில், உங்களோடு நடப்பவர்கள் நான்கு பேராவது இருந்தால், வருவேன்.

மாடிவீடு – பிப்ரவரி 16

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். நடுவில் தங்கையிடம் பேசினேன்.

முதுகில் எழுதியதற்கான காரணம் இப்போதுதான் எனக்கே தெரிகிறது. படிக்கிறவரை நான் பார்க்க வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறேன். பேருந்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் யாரையும் பார்க்கவில்லை. சட்டையையும் அதே மாதிரி அச்சடித்துக்கொண்டேன். வேப்பநிழல் அக்கா சொல்லாமல் இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

கறுப்பு அங்கி கேட்ட கேள்விதான் கடினமாக இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் தங்கையிடம் இந்த நோயைப் பற்றி நேராகப் பேசியதே இல்லை. வரும் வரனிடம் என் நோயைச் சொல்வதா வேண்டாமா என்று கேட்டேன். முதல் சந்திப்பிலேயே தானே சொல்லிவிடப் போவதாகவும், அதைக் கேட்டுவிட்டுப் போகிறவர் போகட்டும் என்றும், ஏற்கெனவே ஒருவரிடம் சொல்லி அவர் போய்விட்டார் என்றும் சொன்னாள். அந்த வரன் சாதகம் பொருந்தாமல் நின்றுபோனதாகத்தான் எனக்கு வீட்டில் சொல்லியிருந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

சட்டையை மாற்றி அச்சடிக்கப் போகிறேன். முன்பக்கம், இடது மார்பில், கை நீட்டும் தூரத்தில் நிற்பவர் மட்டும் படிக்கக்கூடிய அளவில். என்னுடையதில் இரண்டு வரிகளும் அப்படியே இருக்கும். மற்றவர்கள் அணிவதில் "கை நடுங்கினால் கேளுங்கள், பைபோலாரைப் பற்றிச் சொல்கிறோம்" என்று போடலாமா என்று தங்கை கேட்கிறாள். ஆனால் களப்பணி ஐயா சொன்னதை வைத்துப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே வரிதான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பேருந்தில் தினமும் அணிவேனா என்பதை இப்போது முடிவு செய்யவில்லை. மார்ச் 30 அன்று கடற்கரைக்கு அணிகிறேன்.

காதர்பேட்டை அண்ணன், ஆறு சட்டைகள் அச்சடித்துத் தர முடியுமா? எனக்கு மீடியம், தங்கைக்கு ஸ்மால், நண்பர்கள் மூவருக்கு எக்ஸெல். வேப்பநிழல் அக்கா அளவைத் தனிச்செய்தியில் சொல்லுங்கள், பை வைத்துத் தைக்க முடியுமா என்றும் கேட்டுச் சொல்கிறேன்.

காதர்பேட்டை – பிப்ரவரி 16

அச்சடித்துத் தருகிறேன், ஒரே வரியாகவே. ஏழாக அச்சடிக்கிறேன், ஒன்று எனக்கு. பை வைப்பது கடினமில்லை, எங்கள் தெருவிலேயே தைத்துத் தருவார்கள். பிளாஸ்டிசால் மையில் அடித்து 160 டிகிரி சூட்டில் நன்றாகப் பதிய வைத்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு எழுத்து நிற்கும். எழுத்தின் மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைக்க வேண்டாம். காயப்போடும்போது, அம்மா அன்றைக்குச் செய்த மாதிரி, உட்புறத்தை வெளியே திருப்பித்தான் போட வேண்டும். நேர் வெயில் பட்டால் எழுத்து சீக்கிரம் வெடித்துவிடும் என்று நாங்கள் ஒவ்வொரு சட்டையோடும் சொல்லி அனுப்புவோம்.